வெங்கடேஷ் சொன்ன ‘பிரசன்ட்’

பெயின்ட் ஷாப்பில் பெயின்ட் உலர்த்தும் ஓவனில் புகை வந்து சைரன் அடித்ததும், எங்கள் ஷிப்ட் சைக்கிள் ஸ்டாண்ட் ஓரத்தில் இருக்கும் அசெம்பிளி பாயின்ட்டில் கூடியது. ஜூஜுவாடி பக்கத்து உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். பெயர் படிப்பது என் பொறுப்பு. எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று நான் சொன்ன பிறகுதான், சேஃப்டி ஆபீசர் தேவகி மேடம் பெயின்ட் ஷாப் கதவை அடைத்து கார்பன் டை ஆக்சைடு வால்வைத் திறப்பார். அந்த வாயு தீயை அணைக்கும். உள்ளே ஆள் இருந்தால் அவரையும் கொன்றுவிடும்.

ஒவ்வொரு பெயருக்கும் “பிரசன்ட் சார்” வந்தது. பெயின்டர் முனிராஜ் பெயருக்கும் பின்வரிசையிலிருந்து வந்தது.

முனிராஜ் நாட்றாம்பாளையத்துக்காரர். தினமும் ஷிப்ட் தொடக்கத்தில் பெயர் படிக்கும்போது “இருக்கறேன் சார்” என்பாரே தவிர, பிரசன்ட் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“முனிராஜ், முன்னால வாப்பா.”

யாரும் வரவில்லை. அவருடைய ரூம்மேட் வெங்கடேஷ் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“நான்தான் சார் சொன்னேன். டீக்குப் போயிருப்பான்னு நெனச்சேன்.”

எங்கள் ஷிப்டில் அது பழக்கம். ராயக்கோட்டை பஸ் தாமதமானால் வராதவருக்காகப் பக்கத்து ஆள் குரல் கொடுப்பார். லேட் மார்க் விழாது. எதிரில் இருக்கிறேன் என்பதற்கான சொல்லை, எப்படியும் வந்துவிடுவான் என்பதற்கு வைத்திருந்தார்கள்.

“திறக்காதீங்க மேடம், உள்ள ஆள் இருக்கு” என்று கத்தினேன். திறக்கத் தயாராக வால்வில் வைத்திருந்த கையை மேடம் எடுத்தார். மாஸ்க் போட்ட இரண்டு பேர் உள்ளே போனார்கள். வெங்கடேஷ் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

முனிராஜை நடத்தியே கூட்டி வந்தார்கள். பின்னாலிருக்கும் மிக்ஸிங் ரூமில் ஸ்ப்ரே கன் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். காற்றுக் குழாய் வைத்த முகமூடிக்குள் சைரன் கேட்கவில்லை. எங்களைப் பார்த்ததும், “என்ன சார், எனக்கா இவ்ளோ கூட்டம்?” என்றார்.

“டேய், இனிமே உன் பேருக்கு நீயே வாயத் தொற” என்று சொல்லிவிட்டு வெங்கடேஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகே வால்வு திறந்தது, தீயும் அணைந்தது.

இப்போது அசெம்பிளி பாயின்ட்டில் குரலை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. மஞ்சள் கோடு ஒன்று போட்டிருக்கிறோம். பெயருக்கு உரியவர் அதைத் தாண்டி என் எதிரில் வந்து நிற்க வேண்டும். போன டிரில்லில் முனிராஜ் கோட்டைத் தாண்டி வந்து, “இருக்கறேன் சார்” என்றார். அவர் பெயரை நான் படித்தபோதே, வரிசையில் நின்ற வெங்கடேஷ் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.