கடலைச் சுற்றி வரக் கிளம்பியவர்

1998-ம் ஆண்டு, தை மாதம். என் கணவருக்கு அறுபது நிறைந்ததால், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளத் திருவண்ணாமலையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போனோம். நாங்கள் இருவர், மகள், மாப்பிள்ளை, அவ்வளவுதான். ஆசையெல்லாம் மகளுக்கு. எனக்கோ அந்த வயதில் மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார ஒரே வெட்கம்.

சங்கல்பத்தின்போது குருக்கள் நட்சத்திரம் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நானே சொன்னேன். "மாமாவுக்குக் கல்யாணக் குஷியில எல்லாம் மறந்துபோச்சு" என்று மாப்பிள்ளை கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தோம். உண்மையில் ஓராண்டாகவே இவருக்கு மறதி ஜாஸ்தி. கடைக்குப் போவார், என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். ரிட்டையர் ஆகி இரண்டு வருடம் கழித்தும், சில நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். வயதானால் வருவதுதானே என்று நான் விட்டுவிட்டேன். அதற்கு ஒரு பேர் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது.

கல்யாணம் முடிந்ததும், தரங்கம்பாடி பக்கம்தானே, பார்த்துவிட்டே போகலாம் என்றார் மாப்பிள்ளை. அழகான ஊர்தான். கடலை ஒட்டி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, பழைய மாதா கோயில்கள், பாதியைக் கடல் கொண்டுபோன ஒரு சிவன் கோயில். கோட்டைக்குள் இருந்த மியூசியத்தில் உடைந்த பீங்கானையும் பீரங்கிக் குண்டையும் பார்த்துவிட்டு, வெளியே நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். இவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்மே" என்றார்.

கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். வெகு நேரமாகியும் ஆள் வரவில்லை. மகள் கோட்டைக்குள் ஓடினாள். மாப்பிள்ளை மாதா கோயில் தெரு, பஸ் நிறுத்தம், டீக்கடை என்று எல்லா இடமும் தேடிவிட்டு வந்தார். பட்டு வேட்டி கட்டிய பெரியவரை யாரும் பார்க்கவில்லை. எதிரே கடல் இரைந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்கவே பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காலையில் கட்டிய தாலிக்கயிற்றில் மஞ்சள்கூடக் காயவில்லை.

அப்போதுதான் கோட்டைச் சுவர் ஓரத்தில் மகள் அவருடைய செருப்பைக் கண்டாள். ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தார். "அப்பா கடல்ல இறங்கிட்டாராம்மா?" என்று கதறினாள்.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், இவர் தண்ணீருக்குப் பயந்தவர், கணுக்கால் நனையக்கூட இறங்கமாட்டார். அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் இவர் இப்படிச் செருப்பைக் கழற்றி வைப்பது கிரிவலம் கிளம்பும்போது. அதுவும் பௌர்ணமிக்கு மட்டுமல்ல, தோன்றும்போதெல்லாம் கிளம்பிவிடுவார். மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் எப்படியும் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். மறதி வந்த பிறகும் அந்த ஒன்றில் மட்டும் அவர் தவறியதே இல்லை. இங்கே மலை இல்லை. கடல்தான் இருந்தது.

கடல் வலது கைப் பக்கம் வரும்படி நின்று பார்த்தேன். வடக்குத் திசை. "இந்தப் பக்கந்தான் போயிருக்கார், வாங்க" என்று சொல்லிவிட்டு மணலில் ஓட ஆரம்பித்தேன். எவ்வளவு நடந்தாலும் கடல் சுற்றிக்கொண்டு வராது என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்வது? அன்றுவரை வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டே ஓடினேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு மீனவர் குப்பத்துக்கு வந்து சேர்ந்தோம். வலை காயப்போட்டிருந்த இடத்தில் ஒரு கொட்டகை. அதில் இவர் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் மணல், பாதத்தில் கொப்புளம். பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு ஓர் அம்மா, சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு காவல் இருந்தார்.

"ஒங்க ஊட்டுக்காரராம்மா? அந்தாண்ட முகத்துவாரம், ஆள இழுத்துடும். கூப்புடக் கூப்புட போய்க்கிட்டே இருந்தாரு. நாந்தான் கையப் புடிச்சு உக்கார வச்சேன்" என்றார்.

அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இவர் அருகில் போய் மணலில் உட்கார்ந்து, "என்னங்க, வாங்க, போலாம்" என்று தோளைத் தொட்டேன்.

அவர் சட்டென்று நகர்ந்து உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார்.

"நீங்க போங்கம்மா. என் சம்சாரம் தேடினு இருப்பா. இன்னும் கொஞ்சந்தான், சுத்து முடிச்சிட்டு நான் வூட்டுக்குப் போயிடுவேன்."

முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் என்னை "வாமே, போமே" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஒரு "ங்க" போட்டது கிடையாது. அன்றைக்குப் போட்டார். அவருக்கு நான் யாரோ ஒரு பெண்பிள்ளை ஆகிவிட்டேன் என்பது அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த மீனவப் பெண் கூடையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார்.

நான் அழவில்லை. "நானும் அந்தப் பக்கந்தாங்க போறேன். இருட்டிடுச்சு, துணைக்கு வரீங்களா?" என்று கேட்டேன். தனியாகப் போகும் பெண்ணுக்குத் துணையாக உடனே எழுந்துகொண்டார். வேனில் என் பக்கத்து இருக்கையில், சேலை மேலே படாமல் ஒதுங்கி ஒடுங்கி உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் விடிந்ததும் "இன்னாமே, காப்பி இல்லியா?" என்றார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் நின்றுபோனது. ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். கடைசி இரண்டு வருடம் நான் அவருக்கு "வாங்கம்மா, போங்கம்மா"தான். அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. என் முகமே மறந்துபோன இடத்திலும், வீட்டில் ஒருத்தி தேடிக்கொண்டிருப்பாள் என்று அந்த மனுஷன் பதறினாரே, அந்த ஒருத்தி நான்தானே என்று நினைக்கும்போதெல்லாம், அன்று வேனில் அடக்கிவைத்த அழுகை இன்னும் வருகிறது.