தறிச் சத்தமும் வானொலிக் கதையும்

எங்கள் தெருவில் ரகசியம் பேச முடியாது. வீட்டுக்கு வீடு தறி. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் தறியில் நாடா தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே குரல் எழும்பினால்தான் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கும். பெண் கேட்டு வந்தவர்களும் சண்டைக்கு வந்தவர்களும் ஒரே உச்சத்தில்தான் பேசுவார்கள். ராத்திரி தறி நின்ற பிறகும் பழகிய குரல் இறங்காது. சங்கரன்கோவிலுக்குப் புதிதாக வந்தவர்கள் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும், ஏதோ அடிதடி என்று ஒதுங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவும் அண்ணனும் நெய்தார்கள். நான் மட்டும் நாலு எழுத்துப் படித்துவிட்டு நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதினேன். ஒழிந்த நேரத்தில் கதை எழுதுவேன். ஒன்றிரண்டு பத்திரிகையிலும் வந்திருந்தது. என் மனைவிக்கு எழுத்து தெரியாது. கதைக்குப் போட்டிருக்கும் படத்தைப் பார்ப்பாள், அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று கேட்பாள், மடித்து வைத்துவிட்டுத் தறிக்கு நூல் தார் சுற்றப் போய்விடுவாள். வாசித்துக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். கூட்டுக் குடும்பத்தில் பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து கதை படித்தால் அண்ணனுடைய கேலிக்கு யார் பதில் சொல்வது? அவள் புருஷன் என்னதான் எழுதுகிறான் என்பது அவளுக்குத் தெரியாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

அதனால்தான் வானொலி நிலையத்தார் கால் மணி நேரத்துக்கு ஒரு கதை கேட்டு, அதை நானே வந்து வாசிக்க வேண்டும் என்றும் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நூல் கடை அண்ணாச்சி வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தது. அங்கே போய் அவள் என் கதையை என் குரலிலேயே கேட்டுவிடலாம். ஊர் உலகம் கேட்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் எலுமிச்சம்பழ மூட்டையோடு வரும் ஒரு கிழவரைப் பற்றி எழுதினேன். அச்சுக்கு எழுதுவது போல் இதற்கு எழுத முடியாது. படிக்கிறவன் புரியாவிட்டால் இரண்டு வரி மேலே போய்ப் பார்த்துக்கொள்வான். கேட்கிறவனால் அது ஆகாது. நீள வாக்கியங்களை எல்லாம் துண்டாக்கினேன். எதிலே மூச்சு முட்டுகிறதோ அதை வெட்டினேன். சங்கத்துக் கடிகாரத்தைக் கடன் வாங்கி வந்து, நடு வீட்டில் நின்று, இரண்டு தறிக்கும் மேலே கேட்கிற மாதிரி வாசித்து வாசித்துப் பழகினேன். கால் மணிக்குக் கச்சிதமாக முடிந்தது. இனி என்ன குறை என்று வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

நிலையத்தில் என்னை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் மெத்தை. அப்படி ஓர் அமைதியை நான் பிறந்தது முதல் அனுபவித்ததில்லை. காது அடைத்துப் போனதோ என்று விரலை விட்டுக் குடைந்துகொண்டேன். ஒத்திகைக்கு முதல் வரியை வாசித்ததுமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இரண்டு கையையும் தூக்கினார். சத்தத்தை அளக்கும் இயந்திரத்தில் ஊசி துள்ளுகிறதாம். குரலை இறக்கச் சொன்னார். இறக்கித்தான் வாசித்தேன். மறுபடியும் கையைத் தூக்கினார். மூன்றாம் தடவை உள்ளே வந்து, கதை நன்றாக இருப்பதாகவும், வேண்டுமானால் நிலையத்தில் வாசிக்கப் பழகிய ஒருவரை வைத்து வாசித்துவிடலாம் என்றும் பதமாகச் சொன்னார்.

அண்ணாச்சி வீட்டு வாசல்படியில் அவள் காத்திருந்து, எவனோ ஒருவன் குரலைக் கேட்டுவிட்டு எழுந்து போவதா? இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று கெஞ்சினேன்.

"நீங்க ஊருக்கே பேசறீங்க. அது வேண்டாம். எதிரிலே ஒரே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்குங்க. அவருக்கு மட்டும் சொல்லுங்க" என்றார் அவர்.

நான் அவளை நினைத்துக்கொண்டேன். அந்த ஒலிவாங்கி இருந்த இடத்தில் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். குரல் தானாக இறங்கியது. அதிகாரி கையைத் தூக்கவில்லை. சாயங்காலம் ஒலிபரப்பிலும் அப்படியே வாசித்துவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பியபோது தெருவே கொண்டாடியது. என்னலே, காய்ச்சலோடயா வாசிச்ச, சத்தமே வரலையே என்று அண்ணன் கேட்டான். அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நான் உள்ளுக்குள் நொந்துபோனேன். நானாகக் கேட்கவும் வாய் வரவில்லை.

அமாவாசையன்று எங்களவர்கள் நெய்ய மாட்டார்கள். அந்த அமாவாசைக்கு அப்பாவும் அண்ணனும் வெளியே போய்விட்டார்கள், அண்ணி பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய்விட்டாள். தெருவில் ஒரு சத்தம் இல்லை. அவள் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அண்ணாச்சி வீட்ல எல்லாரும் உங்க குரல்தான்னு சொன்னாவ. நான் இல்லன்னுட்டேன்."

"ஏன்?"

"இவ்வளவு காலம் உங்களோட இருக்கேன். அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லையே. யாருக்குச் சொன்னிய அதை?"

உனக்குத்தான் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, குற்ற உணர்வாகவும் இருந்தது. கதையை மறுபடி வாசிக்கட்டுமா என்று காகிதத்தை எடுக்க எழுந்தேன்.

"கதை வேண்டாம். அதான் கேட்டாச்சே. சும்மா பேசுங்க, அந்தக் குரல்ல" என்றாள்.

உட்கார்ந்தேன். பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு, பெண்டாட்டியிடம் சும்மா பேச ஒரு வார்த்தை அகப்படவில்லை. வெகுநேரம் யோசித்து, கடைசியில், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கும் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.