பூட்டிய வாசலில் தண்டோரா

பிளேக் வந்த வருஷம் எங்கள் ஊரையே காலி செய்து, பாலாற்று மணலில் கொட்டகை போட்டு இருக்க வைத்தார்கள். எலி செத்து விழுந்த வீடுகளுக்குள் யாரும் போகக்கூடாது என்பது யூனியன் உத்தரவு. ஆனால் கொட்டகையில் அம்மா ஜுரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த கம்பளியை எடுத்துவர உச்சிவெயிலில் ஊருக்குள் போனேன்.

காலித் தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. யூனியன் தண்டோராக்காரர்தான். ஒட்டிய கன்னம், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பூட்டிய வாசல் ஒவ்வொன்றிலும் நின்று, "ஓடு பிரிச்சு வெயில் காட்ற வரைக்கும் யாரும் உள்ள இருக்கக் கூடாதுங்கோ!" என்று கூவினார். உள்ளிருந்து யாராவது "கேட்டாச்சு" என்று சொன்ன பிறகே நகர்வது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் காத்திருந்து, தலையாட்டிவிட்டே அடுத்த வாசலுக்குப் போனார்.

"யாருக்குச் சொல்றீங்க பெரியவரே? எல்லாரும்தான் ஆத்துல இருக்கமே."

"ஆத்துக்கு வராம செத்தவங்களுக்கு யாரு சொல்றது? சொல்லலன்னா ஜாஸ்தி பேஜார் பண்றாங்கப்பா."

சிரித்துவிட்டு எங்கள் வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தேன். அவர் அங்கேயும் தமுக்கடித்துக் கூவி, காது கொடுத்து நின்றார். என் கையைப் பிடித்தார்.

"தொறக்காத தம்பி. உள்ள பதில் வந்துடுச்சு."

"எங்க வூட்ல யாரும் சாவலியே!"

"பொம்பளக் கொரலு. குளிருதாம்."

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடினேன்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். ஆனால் அம்மாவுக்கு ஜுரம் என்றோ, கம்பளிக்காக வந்தேன் என்றோ அன்று நான் அந்த மனிதரிடம் சொல்லவேயில்லை.