மூன்றாம் வெட்டு

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லாமல் இருந்ததில்லை. சின்ன மாமா தன் ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்குப் புது ஸ்பிரிங் போடப்போகிறார் என்றதும், பாரிஸின் லா சப்பலில் இருந்த எங்கள் வீட்டில் தொடங்கிய பேச்சு கனடா வரை போனது. அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவின் தம்பியான சின்ன மாமா எங்களோடுதான் இருந்தார். ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. போகவர அந்த ஸ்கூட்டர்தான். பழைய ஸ்பிரிங்குகள் சோர்ந்துபோனதால், தெருக்களின் பள்ளங்களெல்லாம் நேராக அவர் முதுகுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று சாதாரணம், பூட்டிவிட்டால் சரி. மற்றதன் அடியில் ஒரு வளையமும் அதில் படிபோல ஐந்து வெட்டுகளும் இருந்தன. வளையத்தை முதல் வெட்டில் விட்டால் ஸ்பிரிங் இளகியிருக்கும், தனியாக ஓடுகிறவருக்கு அது சுகம். மேலே திருகத் திருக இறுகும், பின்னால் ஆள் ஏறினாலும் தாங்கும். கனடாவிலிருந்த பெரிய மாமா பனியில் ஓட்டுகிற வண்டி ஒன்று வைத்திருந்தார். ஆகவே ஸ்பிரிங் விஷயத்தில் அவர் சொல்வதே தீர்ப்பு.

“உதுவும் என்ரை பனி வண்டியும் ஒரே சங்கதிதான்,” என்றார் போனில். “ஏறி இருக்கேக்கை எவ்வளவு பதியுது எண்டு பார்த்துத்தான் திருகவேணும். நீ தனியாத்தானே ஓடுறாய், சாதாரணம் காணும்.”

சின்ன மாமா “ஓம் அண்ணை” என்று சொல்லிவிட்டு, வெட்டு வைத்ததையே வாங்கிவந்தார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். மன்னாரில் அவருக்கு ஒரு பெண் நிச்சயமாகியிருந்தது. விசா கிடைத்ததும் அந்தப் பெண் இங்கே வந்துவிடுவார், தேவாலயத்தில் கல்யாணம். நான் அவரைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். மாமாகூடப் பெரியவர்கள் சூழ உட்கார்ந்திருக்கத்தான் அவரோடு பேசியிருந்தார்.

ஸ்பிரிங் பூட்டியாயிற்று. இனி இரண்டு பேரின் நிறைக்கு அதைச் சரிப்படுத்த வேண்டும். மற்றவரின் நிறை யாருக்குத் தெரியும்? போனில் கேட்டால் என்ன என்று நான் பிரெஞ்சில் கேட்டேன்.

“கலியாணத்துக்கு முதல் பொம்பிளையின்ரை நிறையைக் கேக்கிறதோ? அவையள் என்ன நினைப்பினம்?” என்றார் அம்மா. பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “என்னைவிடக் கொஞ்சம் மெலிவு.”

அப்படியென்றால் அக்காவே ஏறி இருக்கட்டும் என்றார் மாமா. முற்றத்தில், அத்தனை ஜன்னலும் பார்க்க ஸ்கூட்டரில் ஏறுவதாவது என்று அம்மா மறுத்துவிட்டார். கடைசியில் பின் சீட்டில் ஓர் அரிசி மூடையைக் கட்டினார்கள். அதன் மேல் என்னை ஏற்றினார்கள். அதுவும் போதாதென்று என் மடியில் ஒரு பை வெங்காயம். மாமா முன்னால் இருக்க, அம்மா குனிந்து என் பள்ளிக்கூட அடிமட்டத்தால் எவ்வளவு பதிகிறது என்று அளந்தார். மாமா இறங்கித் திருகுவார், மறுபடி ஏறுவார். மூன்றாம் வெட்டில் சரியாக வந்தது. பிறகு அந்த அரிசி மூடையை அவர் அவ்வளவு பக்குவமாக இறக்கினார். எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை, நானாகவே குதித்து இறங்கினேன்.

அதோடு முதல் வெட்டுக்கு மாற்றியிருக்கலாம். மாமா மாற்றவில்லை. தனி ஆளுக்கு இறுகின ஸ்பிரிங் பழையதைவிட மோசம், கல் பாவிய தெருவில் தூக்கித் தூக்கிப் போடும். வேலையால் வந்ததும் அம்மாவிடம் தைலப் போத்தலைக் கேட்பார்.

“அவ வந்தாப் பிறகு இறுக்கலாம்தானே, தம்பி?”

“இப்ப இளக்கினா, வரமாட்டா எண்டு நானே நினைக்கிற மாதிரி இருக்கும் அக்கா. இருக்கட்டும்.”

இதைவிட முட்டாள்தனம் உண்டா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. விசா ஒருமுறை மறுக்கப்பட்டது. திரும்ப விண்ணப்பித்தார்கள். குளிர்காலம் முழுவதும் மாமா மூன்றாம் வெட்டிலேயே ஓடினார்.

பனி விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா பூசைக்கு வரவில்லை. திரும்பும் வழியில் அம்மா மீன்கடையில் நிற்க, நான் முன்னால் ஓடிவந்தேன். முற்றத்தில் மாமா குந்தியிருந்து வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

“எத்தினையாம் வெட்டு மாமா?”

“முதலாம்.”

“முதுகு நோகுதோ?”

“ஓம் பிள்ளை. நோகுது.”

அம்மா வாசலுக்கு வந்ததும் ஓடிப்போய், மாமா கடைசியில் சொல் கேட்டுவிட்டார் என்று கத்தினேன். அம்மா மீன் பையைக் கல்லில் வைத்துவிட்டு, குந்தியிருந்த தம்பியின் தலையில் கையை வைத்தார். மாமா நிமிரவில்லை.

இரண்டாம் முறையும் விசா இல்லை என்றாகிவிட்டதால், இனிக் காத்திருக்க முடியாதென்று பெண் வீட்டார் அன்று காலை போனில் சொல்லிவிட்டார்கள் என்பது வளர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அன்றைக்கோ, மாமாவுக்கு இனி முதுகு நோகாது என்று ஒரே சந்தோஷம். மத்தியானச் சாப்பாட்டில் யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லவில்லை. வழக்கமாக அப்பாவுக்குப் போகும் மீனின் நடுத்துண்டை அம்மா மாமாவின் தட்டில் வைத்தார். அப்பா வால்துண்டை எடுத்துக்கொண்டார். சொல் கேட்டதற்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் யாரும் சொல்லாமலே வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நானும் நடுத்துண்டுக்காகக் காத்திருந்தேன்.