எனக்கு முன்னால் போன கையெழுத்து

என் கையெழுத்தை நான் இல்லாமலேயே ஒன்று எழுதிக்கொண்டிருந்ததை இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் பார்த்தேன். செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேஜை மேல் ரொட்டி டப்பாவை விடக் கொஞ்சம் பெரிய மெஷின். அதன் வாயில் ஒட்டும் அட்டை, அட்டையில் கல்யாணப் பத்திரிகையின் உறை, உறைமேல் ஒரு கறுப்புப் பேனா கிர்ரென்று போய் வந்துகொண்டிருந்தது. வீரவநல்லூர் என்று எழுதியது. ‘வீ’யின் சுழியை நான் எப்படித் தேவைக்கு மேல் இழுப்பேனோ அப்படியே இழுத்தது. கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். உங்கள் கையெழுத்து உங்களை விட்டுவிட்டுத் தனியாக வேலை பார்ப்பதைப் பார்த்தால் அப்போது தெரியும்.

மெஷின் என் மகள் திவ்யாவுடையது. உண்மையில் அது காகிதம் வெட்டுகிற மெஷின். பிறந்தநாள் கேக்கின் மேல் செருகும் பெயர்கள், ஜன்னலில் ஒட்டும் பூக்கள் எல்லாம் வெட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாள். கத்தியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பேனாவை மாட்டினால் எழுதும். மறந்து கத்தியோடு ஓட்டியதில் இரண்டு உறைகள் கிழிந்தன. கல்யாணம் அவளுக்குத்தான். அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினால் ஊரில், “பம்பாய்க்காரிக்குப் பேர் எழுதக்கூட நேரமில்ல போல” என்பார்கள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் நான் ஒரு நோட்டில் எல்லா விலாசமும் நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். முதலில் எழுத்தெல்லாம் உள்ளே வெற்றாக இரட்டைக் கோடாக வந்தது. ஏதேதோ செய்து ஒற்றைக் கோடாக்கிவிட்டாள். கெட்டிக்காரிதான்.

அந்த நோட்டில் கடைசி விலாசம் சேரன்மகாதேவியில் இருக்கும் என் அண்ணனுடையது. அண்ணன் என்னோடு பேசி நான்கு வருடம் ஆகிறது. தாராவியில் பத்துக்குப் பத்து ரூமில் இருந்த நாங்கள் செம்பூருக்கு வந்தபோது பால் காய்ச்சினோம். அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். லீவு இல்லை, ரயில் டிக்கெட் இல்லை, இங்கே எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். “போன்ல கூப்பிட்டா வாரதுக்கு நான் என்ன ஒனக்குப் பக்கத்து ரூம்காரனா?” என்று வைத்தவர்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமனைக் கட்டாயம் நேரில் போய் அழைக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கண்ணெதிரே உறையில் பெயரெழுதித் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணையேறக் கூடாது. தபாலில் அனுப்புவது வர வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். அதனால்தான் அந்த விலாசத்தின் கீழே, எனக்கே நினைவூட்டலாக, ‘நேரில்’ என்று எழுதி வைத்தேன். அடுத்த வாரம் போவதாக இருந்தோம்.

திங்கட்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் தாராவிக்குப் போய்ப் பழைய அக்கம்பக்கத்தை ரூம் ரூமாக ஏறி இறங்கிக் குங்குமம் வைத்து அழைத்துவிட்டுத் திரும்பினோம். மேஜை காலியாக இருந்தது.

“மம்மி, சப் ஹோ கயா. எல்லாம் போஸ்ட் போட்டாச்சு,” என்றாள் திவ்யா.

“யார் யாருக்கு?”

“நோட்ல இருந்த எல்லாருக்கும்.”

“சேரமாதேவி மாமாவுக்கு?”

“லாஸ்ட் பேஜ்தானே? அதுவும்தான். அதுல கீழ ஒரு வேர்ட் எக்ஸ்ட்ரா இருந்துச்சு, அதையும் சேர்த்தே எழுதிருச்சு.”

நான் அவளைத் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுக்காதது யார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரையும் திட்டியிருப்பேன்.

மறுநாள் தபாலாபீஸ் திறக்கும்போதே போய் நின்றேன். கவுண்டரில் ஒரு மராத்திப் பெண். எனக்குப் பதற்றம் வந்தால் ஹிந்தி பாதியாகிவிடும். ஒரு கவர் திரும்ப வேண்டும், அண்ணனுக்குப் போகக் கூடாது என்றேன்.

“அட்ரஸ் கலத் லிகா க்யா?” விலாசம் தப்பா என்று கேட்டாள்.

“நஹி. அட்ரஸ் சஹி ஹை.” விலாசம் சரிதான் என்றேன்.

“தோ டென்ஷன் மத் லோ, ஆன்ட்டி. பக்கா பஹுஞ்ச் ஜாயேகா.” கட்டாயம் போய்ச் சேர்ந்துவிடும், கவலைப்படாதே என்று சிரித்தாள். நான் எதற்குப் பயந்தேனோ அதையே சொல்லி எனக்கு ஆறுதல் சொன்னாள். தபால் பை நேற்றே போய்விட்டதாம். நல்ல பெண், அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

அண்ணிக்குப் போன் போட்டுக் கவரை ஒளிக்கச் சொல்லலாம் என்றாள் திவ்யா. ரிட்டயரான அண்ணன் வாசல் நடையில் நாற்காலி போட்டுத் தபால்காரர் கையிலிருந்தே வாங்குகிறவர். அண்ணனுக்கே போன் போடலாம் என்றால், போன்தானே முதல் குற்றம். “கவருக்கு முந்தி நாம போயிருவோம், கெளம்பு,” என்றார் வீட்டுக்காரர். தத்கலில் புதன்கிழமை நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் கிடைத்தது.

இத்தனை வருடத்தில் அந்த ரயிலில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும், ஊர் வரும் வரை வாய் ஓயாது எனக்கு. இந்தத் தடவை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தபால் பை இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கவர் இதே வண்டியில்கூட வரலாம். திவ்யா அனுப்பியது, எனக்குத் தெரியாது என்று அண்ணனிடம் சொல்லிவிடலாமா? அது நிஜம்தான். ஆனால் என் எழுத்து அவருக்குத் தெரியும். எனக்கு அரிச்சுவடி எழுதப் பழக்கியதே அவர்தான். அண்ணே, நான் எழுதல, மெஷின் எழுதுச்சு என்றால் யார் நம்புவார்கள்?

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் போய் நின்றோம். நடையில் நாற்காலி இருந்தது, அண்ணன் இருந்தார். “வாங்க மாப்ள,” என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. அண்ணி காப்பி கொண்டுவந்தாள். அவள் கண் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அந்த உறை நின்றுகொண்டிருந்தது. என் சுழி எனக்கே இங்கிருந்து தெரிந்தது. காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

“நேத்தே வந்துட்டு,” என்றார் அண்ணன்.

நான் அழுதுவிட்டேன். எதைச் சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது.

“எதுக்கு அழுத? நான்தான் பிரிக்கவே இல்லையே.” எழுந்து போய் உறையை எடுத்து வந்தார். “தபால்ல பாத்ததும் கிழிச்சுப் போடத்தான் எடுத்தேன். கீழ ‘நேரில்’னு போட்டிருக்க. சரி, முன்னால சொல்லி அனுப்பிருக்கா, வருவான்னு வச்சிருந்தேன். ஒங்க அண்ணியச் சோறு கூட வடிக்கச் சொல்லிருக்கேன்.”

அண்ணி இரண்டு வெற்றிலை, மஞ்சள் எல்லாம் எடுத்துவைத்தாள். நான் பெயரெழுதாத உறையைப் பையிலிருந்து எடுத்தேன். அண்ணன் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவைக் கொடுத்தார். அவர் கண்ணெதிரே எழுத உட்கார்ந்தேன். பம்பாயில் வருடக்கணக்காகக் கையெழுத்துப் போடுவதையும், நிதானமாக எழுதிய அந்த நோட்டையும் தவிர வேறென்ன எழுதினேன். அவர் பெயரே கோணலாக வந்தது. சுழி பாதியில் நின்றது.

அண்ணன் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். “மாலைய இங்கயே கெட்டச் சொல்லிக் கொண்டாரேன், அந்த ஊர் மாலை நாறும்,” என்றார். பிறகு இரண்டு உறைகளையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். மெஷின் எழுதியதன் மேல் விரலை வைத்தார்.

“இது ஒன் எழுத்து,” என்றார். கோணல் எழுத்தைக் காட்டினார். “இது யாரு எழுத்துட்டி?”