லின் அங்கிளின் இரண்டு பாக்கெட் சட்டை

அந்துருண்டை வாசனை வந்தால் எல்லாருக்கும் பட்டுப்புடவை ஞாபகம் வரும். எனக்கோ, அமெரிக்காவில், குபெர்டினோவில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் எதிர்வீட்டு லின் அங்கிளுடைய பச்சை ராணுவச் சட்டைதான் ஞாபகம் வருகிறது. 2007-இல் அவர் மகள் மேயும் நானும் எட்டாம் வகுப்பு. சரித்திரப் பாடத்துக்கு 'ப்ராஜெக்ட்' பண்ணச் சொன்னபோது சீன ராணுவ உடை மாறி வந்த கதையை எடுத்துக்கொண்டோம். அந்த வருடம்தான் அங்கே புது உடை வந்து, மேய் வீட்டு டிவியில் ஓயாமல் அதையே காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பதுகளில் ரஷ்யர்களைப் பார்த்துத் தைத்த, தோளில் பதவிப் பட்டை வைத்த உடை, அறுபதுகளின் நடுவில் பதவியே வேண்டாமென்று பட்டைகளைப் பிடுங்கிவிட்டு எல்லாருக்கும் ஒன்றுபோலக் கொடுத்த தொளதொளப் பச்சை, எண்பதுகளில் மறுபடி பட்டை, கடைசியில் இடுப்பைப் பிடித்த, மார்பில் வண்ண நாடாக்கள் வைத்த புதுசு என்று அட்டை முழுக்கப் படம் ஒட்டினோம். நடுவில் மாட்ட, அங்கிள் இளவயதில் ராணுவத்தில் போட்ட அந்தப் பச்சைச் சட்டையையே, "பத்திரம்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

புத்தகப் படத்தில் அதற்கு நான்கு பாக்கெட். இதிலோ மார்பில் இரண்டுதான். கீழே இருந்தவை கிழிந்து விழுந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி அம்மாவிடம் கொண்டுபோனேன். குறையைக் கண்டால் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. "ஐயோ பாவம், குடு, நான் ஸ்டிட்ச் பண்ணித் தரேன்" என்று தன் பழைய பச்சை சல்வாரை வெட்டிக் கச்சிதமாக இரண்டு பாக்கெட் வைத்துவிட்டாள். இங்கேயே பிறந்த மேய்க்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

ப்ராஜெக்ட்டுகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்த கண்காட்சிக்கு அங்கிள் ஆபீஸிலிருந்து நேராக வந்தார். சட்டையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதற்குள் வேறொரு சீனப் பெரியவர் கீழ்ப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து அவரிடம் மரியாதையாக ஏதோ கேட்க, அங்கிள் மெல்லத் தலையாட்டினார். அதிகாரியாக இருந்தீர்களா என்று கேட்டாராம். அங்கிள் ஆமாம் என்றாராம். அவர் வெறும் சிப்பாயாகத்தான் இருந்தார் என்று தெரிந்த மேய்தான் எனக்குச் சொன்னாள். பட்டை இல்லாத அந்தக் காலத்தில் சிப்பாய்க்கு இரண்டு பாக்கெட், அதிகாரிக்கு நான்கு என்று அன்று ராத்திரி அவள் வீட்டில் விசாரித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் அப்பாவுக்கு மட்டும் உடனே புரிந்தது. "எங்க ஆபீஸ்லயும் பாஸ் ஜீன்ஸ்தான், நானும் ஜீன்ஸ்தான். ஆனா என்னுது கான்ட்ராக்டர் பேட்ஜ், கம்பெனி ஆள் இல்லேன்னு காட்டற மஞ்சக் கலர். மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பாப்பாங்க" என்றார்.

மறுநாள் அங்கிளே சட்டையோடு வந்தார். கோபமில்லை, களைத்திருந்தார். அந்த இரண்டு பாக்கெட்டுக்காக ஆறு வருடம் உழைத்தும் கொடுக்கவில்லை, ஒரு சாயங்காலம் என்னுடையது என்று சொல்லிக்கொண்டேன், போதும், பிரித்துவிடுங்கள் என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். "ஸாரிங்க, தெரியாமப் பண்ணிட்டேன்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு அம்மா தையலைப் பிரித்தாள். துண்டுகளைக் குப்பையில் போடப் போனவளிடம் அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அந்த அபார்ட்மென்ட்டை இடித்துவிட்டார்கள். அப்பாவுக்கு கிரீன் கார்டு வந்தது, பேட்ஜின் நிறம் மாறியது, ரிட்டயரும் ஆகிவிட்டார். இப்போது அந்த மஞ்சள் பேட்ஜ் என் கழுத்தில். கதவுக்குக் கதவு அதைக் காட்டிக் காட்டி எனக்கும் அலுத்துவிட்டது.

போன மாதம் அங்கிள் காலமானார். பெட்டியில் இருந்த சட்டையை மேய் போட்டோ எடுத்து அனுப்பினாள். கீழே ஊசித் துளைகள் அப்படியே இருக்கின்றன. மார்புப் பாக்கெட்டுக்குள் இருந்ததாம், மடித்து வைத்த இரண்டு பச்சைத் துண்டுகள். அம்மாவிடம் காட்டினேன். "என் சல்வார்டி" என்றாள். அப்புறம் வெகுநேரம் போனைத் திருப்பித் தரவில்லை.