பேரிக்காயின் அடியில் இருந்த நிறம்

முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி தையல் மிஷினை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு தையலம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நன்றாக இருந்த திரைச்சீலைகளைப் பிரித்துப் பிரித்துக் கையால் தைத்தாள். பொறுத்துப் பார்த்த மகள், நூலக மாடியில் நடந்த எண்ணெய் வண்ண ஓவிய வகுப்பில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற கணவருக்குக் கேலி பேச விஷயம் கிடைத்தது. பெரிய ஓவியர் வீட்டில் சோறு எப்போது வேகும் என்று தினமும் கேட்டார்.

வாத்தியார் அவளைவிட வயதில் சின்னவர். சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற முகம். பல நூறு வருடப் பழைய ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தைச் சுவரில் ஒட்டி, அதை அப்படியே பார்த்து வரையச் சொன்னார். கல்மேடைமேல் ஒரு ஈயக் கூஜா, கொஞ்சம் திராட்சை, சில பேரிக்காய்கள். அதில் ஒன்று அடியில் அழுகத் தொடங்கியிருந்தது.

துணிக்கு நூல் பொருத்தியே ஆயுளைக் கழித்தவளுக்கு நிறம் சட்டென்று பிடிபட்டது. ஆனால் அழுகலை மட்டும் விட்டுவிட்டாள். அழுகினதைப் போய் யாராவது சுவரில் மாட்டுவார்களா என்பது அவள் கட்சி. வாத்தியார் வாதாடவில்லை. கந்தலை டர்பன்டைனில் நனைத்து அந்தக் காயை அப்படியே துடைத்து எடுத்துவிட்டார்.

“இருக்கறதப் போடுங்கம்மா. கறுப்பைத் தொடாதீங்க, அது கறுப்பு இல்ல. நல்லாப் பாருங்க.”

பார்த்தாள். பச்சைக்கு அடியில் ஊதா, ஊதாவின் ஓரத்தில் சாம்பல், நடுவில் துளிக் காவி. கலந்தால் ஒருநாள் சிவப்பு தூக்கலாக நின்றது, ஒருநாள் சேறு மாதிரி ஆனது. வாரக்கணக்கில் மல்லுக்கட்டி அந்த நிறத்தைப் பிடித்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் கணவருக்கு நகம் வெட்ட உட்கார்ந்தாள். தொப்பை அவரைக் குனிய விடாது. பல வருடச் சர்க்கரை நோய், பாதங்கள் மரத்துப் போயிருந்தன. வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கறை. வேறு யாரானாலும் செருப்புச் சாயம் என்று விட்டிருப்பார்கள். ஈரத்துணியால் துடைத்தாள், போகவில்லை. உற்றுப் பார்த்தாள். அடியில் ஊதா, ஓரத்தில் சாம்பல். பேரிக்காயின் அடிக்கு அவள் வாரக்கணக்கில் கலந்த அதே நிறம்.

எங்கேயோ இடித்திருப்பேன், வலியே இல்லை, விடு என்றார் அவர். வலி இல்லை என்றதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன், அறுத்தால் அதோடு நிறுத்தமாட்டார்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவள் விடவில்லை. மகளை வரவழைத்தாள். இரண்டு பேருமாக அவரை இழுக்காத குறையாகக் கொண்டுபோனார்கள்.

அழுகல் எலும்புவரை ஏறியிருந்தது. விரலோடு போகவில்லை, வலது காலையே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொல்ல, மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். காலுக்கு அடியில் அவள் தலையணையைச் சரிசெய்த ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“நீ பாக்காம இருந்திருந்தா, நான் முழுசாப் போய்ச் சேர்ந்திருப்பேன்.”

அதோடு அவள் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது அவருடைய இடது பாதத்தில் எந்நேரமும் காலுறை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். காட்டச் சொன்னால் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார். ஒரு மதியம் அவர் அசந்து தூங்கும்போது மெல்லக் கழற்றப் போனாள். விரல் காலுறையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. பார்த்துவிட்டால் அவளால் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் அந்தக் காலும் போகும். கையை எடுத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.